கதை அனுப்பி எட்டு மாதம், ஒரு வரி பதில் இல்லை

கேள்வி: கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு வருடமாகத்தான் கதை எழுதுகிறேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றிய ஒரு கதையைச் சென்ற ஆடி மாதம் ஒரு சிற்றிதழுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. நினைவூட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதுகிற தோழி ஒருத்தி, "ஒரே கதையை அஞ்சு பத்திரிகைக்கும் அனுப்பு, எது முதல்ல போடுதோ போடட்டும்" என்கிறாள். பேசாமல் ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இதற்கிடையே, ஒரு தொகுப்பு நூலில் என் கதையைச் சேர்ப்பதாகவும் 1,500 ரூபாய் கட்டினால் சான்றிதழும் தருவதாகவும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. என்ன செய்யட்டும் ஐயா? கதையையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

— வாசகி, உடுமலைப்பேட்டை

வணக்கம் அம்மா.

மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இதழிலிருந்து கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்றைக்கே. ஆகஸ்டில் அனுப்பினீர்களே, அதே மின்னஞ்சலைத் திறந்து, அதற்கே பதிலாக இப்படி எழுதுங்கள்:

"ஆசிரியருக்கு வணக்கம். சென்ற ஆகஸ்ட் மாதம் ‘உரைகல்’ என்ற சிறுகதையைத் தங்கள் இதழுக்கு அனுப்பியிருந்தேன். பதில் கிடைக்காததால் அதை வேறு இதழுக்கு அனுப்ப விரும்புகிறேன். வரும் 15ஆம் தேதிக்குள் தங்களிடமிருந்து தகவல் வராவிட்டால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருத வேண்டுகிறேன். நன்றி."

கீழே பெயர், கைபேசி எண். அவ்வளவுதான். ‘தங்கள் மேலான பதிலை ஆவலோடு எதிர்நோக்கும்’ எல்லாம் வேண்டாம். எட்டு மாதம் எதிர்நோக்கியது போதும்.

அந்தத் தேதிதான் இந்தக் கடிதத்தில் முக்கியம். ‘என் கதை என்னவாயிற்று’ என்று மட்டும் கேட்டால், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அதுவும் குவியலோடு சேர்ந்துவிடும். தேதி போட்டுக் கேட்டால், கதையை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிற ஆசிரியர் பதறிக்கொண்டு மறுநாளே ஃபோன் செய்வார். எடுத்து வைக்காதவர் சும்மா இருப்பார். இரண்டில் எது நடந்தாலும் 16ஆம் தேதி காலையில் கதை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கோபித்துக்கொள்வாரோ என்று கேட்கிறீர்கள். உங்கள் பொருளை நீங்கள் திரும்பக் கேட்பதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்படியே கோபிக்கிற ஆசிரியர் இருந்தால், அவரிடம் கதை போகாமல் இருப்பதே நல்லது.

நான் ஒரு காலாண்டிதழில் பதினெட்டு வருடம் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவன். சம்பளம் கிடையாது. பகலில் வேறு உத்தியோகம், இரவு பத்து மணிக்கு மேல் கதைகள். பதில் போடாமல் விட்டவர்களின் வரிசையில் நானும் உண்டு. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து இந்த மௌனம் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நியாயப்படுத்த அல்ல. உங்கள் கதை மோசம் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

64 பக்க இதழ் என்றால் அச்சகத்துக் கணக்கில் நான்கு பாரம். ஒரு பாரம் 16 பக்கம். ஒரு பக்கம் மட்டும் கூட்டுகிற வசதி அச்சில் இல்லை. கூட்டினால் எட்டோ பதினாறோதான் கூட்ட வேண்டும், அதற்குத் தாளும் கூலியும் தனி. தலையங்கம், இரண்டு கட்டுரை, கவிதைகள், மதிப்புரை, வாசகர் கடிதம், அஞ்சலிக் குறிப்பு எல்லாம் போக எங்களுக்குக் கதைக்கு என்று இருபது பக்கம் மிஞ்சும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 350 சொல் வரும். உங்கள் கதை 4,200 சொல் இருக்கிறது. அதாவது பன்னிரண்டு பக்கம். மிச்சம் எட்டுப் பக்கத்தில் ஒரு கதை போடலாம், அவ்வளவுதான். இப்போது ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். புதிதாக எழுதுகிற ஒருவருக்குப் பன்னிரண்டு பக்கம் கொடுத்தால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு கதைகளில் ஒன்று அடுத்த இதழுக்குப் போகும். ‘நல்ல கதை, அடுத்த இதழில் பார்க்கலாம்’ என்று தள்ளி வைப்பார். அடுத்த இதழிலும் அதே இருபது பக்கம்தான். மூன்றாவது இதழ் வருவதற்குள் அந்த மின்னஞ்சல் நாலு திரை கீழே இறங்கியிருக்கும். பிடிக்காத கதைக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம். பிடித்தும் போட முடியாத கதைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டவைதான் என்னிடம் அதிகம்.

இதற்கெல்லாம் ஆள் வைத்து நடத்துகிற அலுவலகம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கியது திருவல்லிக்கேணியில் தம் வீட்டிலிருந்துதான். புத்தக மூட்டையைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர் அவர். இன்றைக்குக் கணினி வந்திருக்கிறது, மூட்டை குறைந்திருக்கிறது. ஆள்கணக்கு பெரிதாகக் கூடிவிடவில்லை. கதை படிப்பவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் சந்தாதாரர் முகவரி ஒட்டுபவரும் பல இடங்களில் ஒரே ஆள்.

மாத இதழ் என்றால் மூன்று மாதம், காலாண்டிதழ் என்றால் இரண்டு இதழ் வருகிற காலம். அதற்குமேல் காத்திருக்க வேண்டாம் என்பது என் கணக்கு.

தோழி சொன்ன யோசனைக்கு வருகிறேன். கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். நானும் அதைச் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கதையைக் கையால் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஒரு மாத இதழுக்கும் மற்றதை ஒரு காலாண்டிதழுக்கும் தபாலில் போட்டேன். இரண்டிலும், ‘இது என் சொந்தக் கற்பனையே, வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை என உறுதியளிக்கிறேன்’ என்று கூசாமல் எழுதியிருந்தேன். ஒரு வருடம் சத்தமே இல்லை. பிறகு ஒரே மாதத்தில் இரண்டிலும் வந்தது. சந்தோஷம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் காலாண்டிதழ் ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை. திட்டவில்லை. அடுத்த இதழில் வருத்தக் குறிப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, அந்த இடத்தில் ஒரு கவிதை வர வேண்டியது என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கவிதை யாருடையதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இதழுக்கு அதன்பிறகு கதை அனுப்ப எனக்கு முகமில்லை.

ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்புவதை ஏற்கிற இதழ்களும் உண்டு, குறிப்பாக ஆங்கிலத்தில். ஒரு இடத்தில் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்பார்கள். நம் சிற்றிதழ் ஆசிரியர்கள் பெரும்பாலும் அதை விரும்புவதில்லை. நீங்கள் அப்படிச் செய்வதானால் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்ய வேண்டாம். அதைவிட, கையில் மூன்று கதை இருந்தால் மூன்று இதழுக்கு ஒவ்வொன்று. காத்திருக்கும் காலத்தில் நாலாவதை எழுதலாம்.

ஃபேஸ்புக்கில் போட்டால் பல ஆசிரியர்களுக்கு அது வெளியான கதைதான். நண்பர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி போட்டேன், இருபது பேர்தான் பார்த்தார்கள், மறுநாளே எடுத்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிப் பயனில்லை. அங்கே போடுவதில் தவறொன்றும் இல்லை. கதையை நாலு பேர் உடனே படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் போட்ட பிறகு அந்தக் கதையை இதழுக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தொகுப்பு நூல், 1,500 ரூபாய், சான்றிதழ். கட்டாதீர்கள். சிற்றிதழ் சன்மானம் தராமல் இருக்கலாம், பெரும்பாலும் தராது. இரண்டு பிரதி அனுப்புவார்கள், சில நேரம் அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சந்தா கட்டுங்கள் என்றும் கேட்பார்கள். அது இதழுக்குக் கொடுக்கும் பணம், உங்கள் கதைக்கும் அதற்கும் முடிச்சு கிடையாது. கதையைச் சேர்ப்பதற்கே எழுதியவரிடம் காசு வாங்குகிறவர் எல்லாக் கதையையும் சேர்ப்பார். அந்தப் புத்தகத்துக்கு வாசகர்களும் அதில் எழுதியவர்கள்தான். அந்த 1,500 ரூபாய்க்கு மூன்று இதழ்களின் ஆண்டுச் சந்தா சேரலாம்.

இனி கதை. மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பேசத்தான் எனக்கு விருப்பம்.

ஏ4 தாளில் பதினான்கு பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் கிழக்கு வெளுக்கிறது. பறவைகள் கூவுகின்றன. எழுத்தர் எழுந்து, கோலம் போட்டு, மகனுக்குச் சோறு கட்டி, பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றபடி போகிறார். மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் சங்கத்துக்கு வருகிறார். நான்காம் பக்கத்தின் முதல் வரி: "மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் இழுத்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு பச்சையாக நுரைத்தது. யாரும் எதுவும் பேசவில்லை."

அம்மா, உங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது. முந்தைய மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டு இந்த வரியை முதல் வரியாக வைத்துப் படித்துப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடனுக்கு வரிசையில் நிற்கிற பெண், தாலிச் சங்கிலி என்று நம்பி எடுத்து வந்தது, கல்லில் பச்சையாக நுரைக்கிறது. இரவு பத்து மணிக்குப் பன்னிரண்டாவது கதையாக இதைத் திறக்கிற ஆள், இந்த வரியைப் படித்துவிட்டு மூடி வைக்க மாட்டார். பறவைகள் கூவும் வரியில் மூடி வைத்துவிடுவார். நானும் மூடியிருப்பேன். நீங்கள் கேட்டதால் படித்தேன்.

வெட்டினால் 900 சொல் போகும். 3,300க்கு வந்துவிடும், அச்சில் ஒன்பதரைப் பக்கம். எட்டாம் பக்கத்தில் கணவன் சங்கிலியை எப்போது, எங்கே மாற்றினான் என்று ஒன்றரைப் பக்கம் விளக்குகிறீர்கள். அதையும் எடுத்துவிட்டால் எட்டுப் பக்கத்தில் நிற்கும். கணவன்தான் மாற்றியிருப்பான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிற கணம் ஏற்கெனவே உங்கள் கதையில் இருக்கிறது. மதிப்பீட்டாளரைப் பார்த்து, "ஏனுங்க, இன்னொருக்கா ஒரசிப் பாருங்க" என்கிறாள். அவர் மறுபடி உரசுவதற்குள், "வேண்டாங்க, குடுத்துருங்க" என்று கையை நீட்டிவிடுகிறாள். இவ்வளவு நன்றாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு என்ன விளக்கம்?

அதே பெண் பதினோராம் பக்கத்தில், "நான் எங்கே போவேன்? யாரிடம் சொல்லி அழுவேன்?" என்று பேசுகிறாள். உடுமலைப் பக்கத்துக் காட்டுக்காரப் பெண் திடீரென்று வானொலி நாடகத்துக்குப் போய்விட்டாள். அவள் பேச்சை முழுக்க உங்கள் ஊர்ப் பேச்சில் வையுங்கள், அல்லது பேசவே விடாதீர்கள். பேசாமல் அந்தச் சங்கிலியை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு போகட்டும். (இதைச் சொல்லக் கூடாது, கதையை நான் எழுதப் பார்க்கிறேன். பழக்கதோஷம்.)

கடைசி வரி: "வாழ்க்கையும் ஒரு உரைகல்தானே!" இலக்கணப்படி ‘ஓர் உரைகல்’ என்று திருத்தலாம். வரியையே எடுத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் வடிவமைப்பாளர் உங்களை வாழ்த்துவார். ‘பௌர்ணமி’ என்பதை ஏழு இடத்தில் ‘பெளர்ணமி’ என்று தட்டியிருக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் கொம்பும் ளகரமும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். தேடினால் அகப்படாது, வரியை மடக்கும்போது ளகரம் தனியாக நகர்ந்து நிற்கும். கதையை யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு, மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். மறுபடி யாராவது தட்டச்சு செய்ய வேண்டும். அந்த யாராவது அநேகமாக ஆசிரியரேதான். வல்லினம் மிகும் இடங்களில் பத்துப் பதினைந்து ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அதற்காக எந்தக் கதையும் திரும்பி வராது, மெய்ப்பில் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் கதையை வாய்விட்டுப் படித்தால் பாதி ஒற்றுகள் தாமாகவே காதில் விழும்.

எங்கே அனுப்பலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இந்த இதழை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை. யாரோ முகவரி கொடுத்தார்கள், அனுப்பினீர்கள் என்று ஊகிக்கிறேன். அனுப்புவதற்கு முன் அந்தப் பத்திரிகையின் கடைசி இரண்டு இதழ்களையாவது படியுங்கள். பழைய இதழ் உதவாது, பத்திரிகைகள் குணம் மாறும். ‘மணிக்கொடி’ 1933இல் தொடங்கியபோது அரசியல் பேசிய வாரப் பத்திரிகை, 1935இல் எழுத்தாளர் பி.எஸ். ராமையா கைக்கு வந்த பிறகு அது சிறுகதைக்கான இதழ். படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர்கள் போடுகிற கதைகள் எத்தனை பக்கம் ஓடுகின்றன? ஆறு பக்கத்துக்கு மேல் கதையே போடாத இதழுக்கு உங்கள் எட்டுப் பக்கத்தை அனுப்பி எட்டு மாதம் காத்திருப்பதில் பொருளில்லை. இணைய இதழ்களுக்குப் பாரக் கணக்கு கிடையாது. சொல்வனம் 2009இலிருந்து இணையத்திலேயே வருகிறது, மலேசியாவின் ‘வல்லினம்’ இதழையும் இணையத்திலேயே படிக்கலாம். அச்சில் வந்தால்தான் வந்த மாதிரி என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் நியாயமான ஆசைதான், அப்பாவிடம் காட்டக் கையில் ஒரு பிரதி வேண்டுமே.

அனுப்பும் கடிதம் ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம். கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, வேறெங்கும் வெளியாகவில்லை என்ற உறுதி, முகவரி, கைபேசி எண். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். ‘குறைகள் இருந்தால் மன்னிக்கவும்’ என்று எழுதாதீர்கள். படிக்கிறவர் குறையைத் தேட ஆரம்பிப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன் என்பதை மட்டும் எழுதுங்கள். உரைகல்லைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய கதை என்று ஆசிரியருக்குத் தெரியட்டும்.

கதையின் உரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்து கதை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. இதழில் வந்துவிட்டதாலேயே இதழுக்குச் சொந்தமாகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் நீங்கள் கையெழுத்திட்ட எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே பிறகு தொகுப்பாகப் போடும்போது இதழிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. முன்னுரையில் நன்றி சொல்வது மரியாதை. கதையை ஏற்றுக்கொண்டால் இரண்டு மட்டும் கேளுங்கள்: திருத்தம் செய்தால் அச்சுக்கு முன் காட்டுவீர்களா, இணையத்திலும் போடுவீர்களா. முதல் கேள்விக்குச் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். என் கதை ஒன்றின் கடைசிப் பத்தி, பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று காணாமல் போய் அச்சாகியிருக்கிறது. கதை அப்படியே நன்றாக இருப்பதாக இரண்டு பேர் வேறு சொன்னார்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. பன்னிரண்டாம் பக்கத்தில் மதிப்பீட்டாளர் கல்லில் இருந்த அமிலத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொள்கிறார். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது தங்கம் சோதிக்கிற அமிலம், வேட்டி பொத்தலாகிவிடாதா? உங்கள் சங்கத்து மதிப்பீட்டாளர் எதில் துடைக்கிறார் என்று நாளைக்கு நகை வரும்போது பார்த்து, அந்த வரியை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.